கல்லை யார் பார்ப்பது?



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கட்ட நிய்யத்து வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

நான் விஞ்ஞானப் பாடம் படிப்பிக்கிறவள். ஒரு மேசனின் மகள். இந்த இரண்டு காரணத்தாலும் வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். கேள்வி பெரும்பாலும் இரண்டுதான். "டீச்சர், எந்தச் சீமெந்து நல்லம்?" "தூணுக்குப் பன்னிரண்டு கம்பி போதுமா, பதினாறு வேணுமா?" சீமெந்துப் பேக்கில் பெயரும் திகதியும் அச்சடித்திருக்கிறது. கம்பியில் கம்பனியின் அடையாளம் இருக்கிறது. கல்லில் ஒன்றும் எழுதியிருக்காது. அதனால்தானோ என்னவோ, கல்லைப் பற்றி இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. "மூணு கியூப் கல்லு பறிக்கச் சொல்லியிருக்கு" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இத்தனைக்கும் கொங்கிறீட்டில் அதிகம் இருப்பது கல்தான். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று மேசன்மார் சொல்லும் கலவையை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ சீமெந்துப் பேக் ஒன்று ஏறத்தாழ 35 லீற்றர் இடம் பிடிக்கும். அதற்கு 70 லீற்றர் மணல், 140 லீற்றர் கல். எல்லாம் கலந்து இறுகிய பிறகு அந்தக் கொங்கிறீட்டின் கனவளவில் கல்லும் மணலும் சேர்ந்து நூற்றுக்கு 60 முதல் 75 பங்கு வரை இருக்கும். கல் மட்டுமே பாதிக்குக் கிட்ட வரும். நம் தலைக்கு மேலே நிற்கும் ஸ்லெப்பில் பாதியை யாரும் பார்க்காமலே ஏற்றுக்கொள்கிறோம்.

இது ஏன் எங்கள் பக்கத்தில் பெரிய விடயம் என்று சொல்கிறேன். கிழக்கு மாகாணத்தில் நம்மவர்கள் மத்தியில் வீடு பெண்பிள்ளைக்கென்றுதான் கட்டப்படுகிறது. ஒரு குமர் இருந்தால் ஒரு வீடு வேண்டும். அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு பேச்சு. ஆனால் வாப்பா கட்டாரில் பத்து வருடம் நின்று அனுப்பிய காசும், உம்மா குவைத்தில் வேறொருவர் வீட்டைக் கூட்டித் துடைத்துச் சேர்த்த காசும் அந்த ஒரு ஸ்லெப்பில்தான் போய் இறங்குகிறது. உம்மாவின் வீடு மகளுக்கு, மகளின் வீடு பேத்திக்கு என்று போகிறது. அப்படியான ஒரு கட்டடம் இரண்டு தலைமுறை நிற்க வேண்டாமா?

எங்கள் ஊரில் ஒரு வீடு இருக்கிறது. யாருடையது என்பது வேண்டாம். கட்டி முடித்துப் பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. போன மாரிக்குப் பிறகு ஸ்லெப்பின் அடியிலிருந்து கட்டிகட்டியாக விழத் தொடங்கியது. ஒரு துண்டு கட்டிலின் தலைமாட்டில் விழுந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், அந்த நேரம் யாரும் படுத்திருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். கம்பி துருவேறி ஊதியிருந்தது. விழுந்த துண்டைக் கையில் எடுத்தபோது உள்ளே பப்படம் போலத் தட்டையான கற்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன வெற்றிடம். ஒரு கல் முழுசாகக் கழன்று வந்தது. அது இருந்த குழி வழுவழுவென்று இருந்தது, சாம்பல் பூசினாற் போல. கல்லும் சீமெந்தும் அங்கே ஒட்டவே இல்லை. வீட்டுக்காரி சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "சீமெந்து ஒரு பேக்கும் குறையாமத்தான் போட்டம் டீச்சர். நான் நிண்டு எண்ணினன்." அவர் சொன்னது உண்மை. எண்ணினார். எண்ணச் சொல்லி யாரும் சொல்லாத ஒன்றில்தான் கோளாறு இருந்தது.

ஒரு கல் கெட்டதாக இருந்தால் கொங்கிறீட்டுக்கு என்ன நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கல்லின் உருவம். இதை வகுப்பில் கணக்காகவே செய்து காட்டுவேன். 2 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றி ஒன்று. கனவளவு 8, மேற்பரப்பளவு 24 சதுர சென்ரிமீற்றர். அதே 8 கனவளவை 4 நீளம், 4 அகலம், அரை சென்ரிமீற்றர் தடிப்புள்ள தட்டையாக்கினால் மேற்பரப்பளவு 40. கல்லின் அளவு கூடவில்லை, ஆனால் சீமெந்துப் பசை பூச வேண்டிய பரப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. தட்டையான கல் உருளவும் மாட்டாது. ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். கலவை விறைப்பாக நிற்கும். வேலையாட்கள் என்ன செய்வார்கள்? "தண்ணி கொஞ்சம் விடு" என்பார்கள்.

அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. தண்ணீருக்கும் சீமெந்துக்கும் உள்ள விகிதமே கொங்கிறீட்டின் பலத்தைத் தீர்மானிக்கிறது என்பதை டஃப் ஏப்ராம்ஸ் என்பவர் சிக்காகோவில் ஏராளமான பரிசோதனைகள் செய்து 1918ல் வெளியிட்டார். நூறு வருடம் கடந்தும் அந்த விதி மாறவில்லை. ஒரு பேக் சீமெந்துக்கு 25 லீற்றர் தண்ணீர் விடுவதற்கும் 35 லீற்றர் விடுவதற்கும் இடையில் இருப்பது ஒரு 10 லீற்றர் வாளி. அந்த ஒரு வாளியால் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சீமெந்து ஒரு பேக்கும் குறையவில்லை, ஆனால் பலம் குறைந்துவிட்டது. தட்டையான கற்களை அளக்க முன்னைய ஆங்கிலேயத் தரநிர்ணயங்களில் ஒரு கணக்கு இருந்தது. கல்லின் தடிப்பு அதன் சல்லடை அளவில் 0.6 பங்குக்குக் குறைந்தால் அது தட்டைக் கல். உடைத்த கல்லில் நிறைப்படி நூற்றுக்கு 40க்கு மேல் தட்டை இருக்கக் கூடாது என்பது அங்கே வைத்திருந்த எல்லை.

இரண்டாவது, பெரிசும் சிறிசும் கலந்திருப்பது. ஒரு 10 லீற்றர் வாளியில் ஒரே அளவான முக்கால் கல்லை நிரப்புங்கள். பிறகு அளந்து தண்ணீர் விடுங்கள். நிறைந்த வாளிக்குள் 4 லீற்றருக்கு மேல் தண்ணீர் போகும்! அவ்வளவும் கல்லுக்கிடையே உள்ள வெற்றிடம். இந்தச் செய்முறையைத் தரம் 10 பிள்ளைகளோடு செய்தபோது நம்பமாட்டோம் என்று இரண்டாம் முறையும் அளந்தார்கள். பிறகு முக்கால் கல்லோடு சிப்ஸ் கல்லையும் கலந்து நிரப்பினால் உள்ளே போகும் தண்ணீர் குறையும். வெற்றிடத்தைச் சின்னக் கல் நிரப்பினால் கல்லின் விலையோடு போகும். சீமெந்துப் பசை நிரப்பினால் சீமெந்தின் விலை. எதுவும் நிரப்பாவிட்டால் காற்று நிரப்பும். காற்றுக்கு ஒரு கிலோ பாரமும் தாங்கத் தெரியாது. கல்லை அளவுவாரியாகக் கலந்து நெருக்கமாக்குவது பற்றி ஃபுல்லரும் தொம்சனும் 1907லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இங்கே இன்னும் "வந்த கல்லைப் போடு" என்றுதான் வேலை நடக்கிறது.

மூன்றாவது, கல்லின் பருமன். இதில் வாப்பாவோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். "பெரிய கல்லுக்குத்தான் பெரிய பலம் மகள்" என்பது அவருடைய கொள்கை. அத்திவாரத்தின் அடியில் போடும் கம்பியில்லாத கொங்கிறீட்டில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய கல்லுக்கு மொத்த மேற்பரப்பு குறைவு, ஆகவே தண்ணீரும் குறைவாகப் போதும். ஒன்றரை அங்குலக் கல் அங்கே சரி. ஸ்லெப்பிலும் பீமிலும் தூணிலும் அது சரிவராது. அங்கே கல் கம்பிகளுக்கு இடையால் இறங்க வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கைக் கல் தாண்டக் கூடாது, ஸ்லெப்பின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது பொறியியலாளர்கள் வைத்திருக்கும் அளவு. தாண்டினால் கல் கம்பியின் மேல் குந்திக்கொள்ளும். கீழே சாந்து இறங்காது. பலகையைக் கழற்றும்போது தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. கலவை இறுகும் முன்பு தண்ணீர் மேல்நோக்கி ஊறி வரும். பெரிய கல் அதை வழியில் மறிக்கும். அந்தக் கல்லின் அடியில் தண்ணீர் தேங்கி, காய்ந்த பிறகு அந்த இடம் பலவீனமாகிவிடும். தட்டைக் கல் படுத்துக் கிடந்தாலும் இதே கதைதான்.

நான்காவது, தூசி. இதில் வாப்பாதான் எனக்கு ஆசிரியர். டிப்பர் வந்தால் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்து உள்ளங்கையைப் பார்ப்பார். மா பூசினது போல வெள்ளையாக வந்தால், "கழுவாம ஒரு கல்லும் மிக்சருக்குள்ள போகப்படாது" என்பார். கல்லுக்கும் சீமெந்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கே தடிப்புள்ள ஒரு படலம் இருக்கிறது. சாதாரண கொங்கிறீட்டில் மிகப் பலவீனமான இடம் அதுதான். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தில் கல்தூசியோ களிமண்ணோ பூசியிருந்தால் சீமெந்து கல்லைப் பிடிப்பதற்குப் பதிலாகத் தூசியைப் பிடிக்கும். மேலே சொன்ன வீட்டில் கல் முழுசாகக் கழன்று வந்ததற்குக் காரணம் இதுதான். நல்ல கொங்கிறீட்டை உடைத்தால் பல இடங்களில் கல்லே பிளந்திருக்கும், கழன்று வராது.

ஐந்தாவது, பாறை. நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்கிறோம். இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாடும் வடமேற்குக் கரையோரமும் சுண்ணக்கல். எங்கள் கிழக்குப் பக்கம் விஜயன் தொகுதி எனப்படும் பாறைத் தொகுதி. அதில் நைஸ் வகைப் பாறை அதிகம். நைஸ் நல்ல கல்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதில் கோடு கோடாகப் படை இருக்கும். மைக்கா கூடிய படைகளில் உடைத்தால் தகடு தகடாகப் பிளக்கும். பாறையின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் கிடந்து உக்கிப்போன கல்லாக இருக்கும். மஞ்சள், காவி நிறத்தில், கையால் அழுத்தினாலே உதிரும். குவாரியில் முதலில் கிடைப்பது அந்தத் தோல்தான். அதைச் சில பேர் ஒதுக்குவார்கள், சில பேர் நல்ல கல்லோடு சேர்த்து ஏற்றிவிடுவார்கள்.

கல்லைச் சரியாகப் பார்க்காததால் ஒரு பிரதேசமே பட்ட பாட்டுக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் உதாரணம். அதன் வடகிழக்குப் பகுதியில் 1980களிலிருந்து கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளின் அத்திவாரச் சுவர்கள் பத்து, இருபது வருடங்களுக்குப் பிறகு சிலந்திவலை போல வெடித்து உதிரத் தொடங்கின. காரணம், அந்தக் கொங்கிறீட்டுக்குப் போன கல்லில் இருந்த பிர்ரோடைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். நீரும் காற்றும் பட்டு அது மெல்ல மெல்ல மாற்றமடைந்து, உள்ளிருந்தே கொங்கிறீட்டை விரித்து உடைத்தது. பூசி மறைத்துத் தீர்க்கக்கூடிய நோயல்ல அது. வீட்டை அப்படியே தூக்கி நிறுத்திவிட்டுப் பழைய அத்திவாரத்தை எடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஒரு குவாரியின் கல், அத்தனை குடும்பங்களின் கண்ணீர். எங்கள் கல்லில் அந்தக் கனிமம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பணக்கார நாட்டிலும் கல்லைப் பார்க்காமல் விட்டால் பின்னால் பணத்தால்தான் கட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆறாவது, கடல். கரையோரத்தில் வாழ்கிற நமக்கு இது தனிப் பாடம். நம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு தொடங்கும். இரும்பு துருவாகும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். அந்த ஊதல்தான் ஸ்லெப்பின் அடியைப் பிளந்து விழுத்துகிறது. கொங்கிறீட் நெருக்கமாக இருந்தால் உப்பு கம்பியை எட்டப் பல பத்து வருடம் எடுக்கும். தட்டைக் கல்லும் ஓட்டையும் இருந்தால் உப்புக்கு நாமே பாதை வெட்டிக் கொடுத்தது போல. கடற்கரையில் கிடக்கும் கல்லையும், அலை அடித்த இடிபாடுகளின் கொங்கிறீட்டை உடைத்த கல்லையும் கம்பி போடும் வேலைக்குப் பாவிப்பது உப்பைக் கையாலேயே உள்ளே வைப்பதாகும். கண்ணுக்கு அழகாக, உருண்டையாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

சரி, வீட்டுக்காரர்கள் என்ன செய்யலாம்? ஆய்வுகூடம் தேவையில்லாதவற்றைச் சொல்கிறேன்.

1. டிப்பர் கொட்டுவதற்கு முன்பு பாருங்கள். கொட்டிய பிறகு யாரும் திருப்பி ஏற்ற மாட்டார்கள். இதை ஓர்டர் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

2. இரண்டு கையளவு கல்லை நிலத்தில் பரப்புங்கள். தகடு போலவும் ஊசி போலவும் உள்ளதை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒதுக்கிய குவியல் மற்றதற்குக் கிட்ட வந்தால் அந்த லோட் வேண்டாம்.

3. ஒரு வாளியில் கொஞ்சம் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். தண்ணீர் சேறானால் கழுவாமல் பாவிக்க விடாதீர்கள்.

4. சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உக்கிய கல் மந்தமாகச் சத்தம் போட்டு உதிரும்.

5. மண்தரையில் கொட்ட விடாமல் தகரமோ பழைய பலகையோ விரியுங்கள். தூசி அடியில்தான் சேரும், ஆகவே குவியலின் அடிமட்டத்தைக் கொங்கிறீட்டுக்குள் அள்ள வேண்டாம். கொட்டும்போது பெரிய கல் ஓரத்துக்கு உருண்டுவிடும், எல்லாப் பக்கத்தாலும் அள்ளச் சொல்லுங்கள்.

6. இரவு மழை பெய்திருந்தால் கல்லிலும் மணலிலும் தண்ணீர் இருக்கிறது. மிக்சருக்கு விடும் தண்ணீரை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கடும் வெயிலில் சுட்டுக் கிடக்கும் கல்லை முன்கூட்டியே நனைத்து ஆற வையுங்கள்.

7. பலகை கழற்றியதும், சாந்து பூசுவதற்கு முன்பு நீங்களே அடியைப் பாருங்கள். ஓட்டைகளைப் பூசி மறைக்க அனுமதிக்காதீர்கள். பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பகலில் டிப்பர் வரும்போது வீட்டில் நிற்பது பெரும்பாலும் நீங்கள்தான். "இதெல்லாம் பொம்பிளையளுக்கு வெளங்காது" என்று சொல்லுவார்கள். அரிசி வாங்கும்போது கையில் அள்ளி, ஊதி, கல்லும் குருணியும் பார்த்து வாங்குகிற நமக்கு இது விளங்காதா? அதே கண்தான், அதே கைதான். அரிசி ஒரு நாள் சோற்றைக் கெடுக்கும். இது ஆயுள் முழுக்கத் தலைக்கு மேல் நிற்கும்.

மேசன்மாரையும் குறை சொல்லிவிட்டுப் போக மாட்டேன். நாள் கூலிக்கு வெயிலில் நிற்கிறவரிடம் கெட்ட கல்லைக் கொடுத்துவிட்டு நல்ல ஸ்லெப் கேட்பது நியாயமில்லை. "இந்தக் கல்லு சரியில்ல" என்று ஒரு மேசன் காக்கா சொன்னால், ஒரு நாள் வேலை பிந்துகிறதே என்று அவர் மேல் ஏறி விழாதீர்கள். வாப்பா அப்படிச் சொல்லி இரண்டு வேலை இழந்தது எனக்குத் தெரியும். கல் விற்கிறவர்களுக்கும் ஒன்று. அளவிலும் நிறுவையிலும் மட்டும் மோசடி இல்லை. நல்ல லோட்டுக்குக் காசு வாங்கித் தூசியும் தோலும் ஏற்றி அனுப்புவதும் அதே கணக்கில்தான் எழுதப்படும்.

கடைசியாக எங்கள் மஹல்லாவின் விடயம். இன்ஷா அல்லாஹ், மத்ரஸாவின் மேல்மாடிக்கு ஸ்லெப் போடப் போகிறார்கள். சந்தா எடுத்த காசு, ஸதகாவாக வந்த காசு, பிள்ளைகள் உண்டியலில் போட்ட காசு. அதன் கீழே தினமும் பிள்ளைகள் இருந்து ஓதப்போகிறார்கள். நிர்வாகத்தினரிடம் அன்பாகக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கல்லுக்கு விலை கேட்கும்போது மலிவை மட்டும் பார்க்காதீர்கள். முதல் லோட்டை இறக்கும் முன் இரண்டு பேர் நின்று பாருங்கள். கொங்கிறீட் போடும் அன்று 150 மில்லிமீற்றர் கனக்குற்றிகள் வார்த்து, 7 நாளிலும் 28 நாளிலும் நசுக்கிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் கட்டடப் பொருட்களைப் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது. அதன் செலவு அன்றைக்கு வேலையாட்களுக்குப் போடும் சாப்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டால் பெரிதாக இராது. வந்த அறிக்கையைப் பள்ளிவாயல் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஊர் காசு அமானிதம், ஊர் பார்க்கட்டும்.

முதல் லோட் வரும் நாளை அறிவித்தால் தரம் 10 பிள்ளைகளையும் வாளியோடு கூட்டிக்கொண்டு வருகிறேன். கல் எண்ண அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அல்லாஹ் நம் வீடுகளையும் அதில் வாழ்கிறவர்களையும் பாதுகாப்பானாக. பிரயோசனம் என்று நினைத்தால் வீடு கட்டுகிறவர்களுக்குப் பகிருங்கள்.